பதினொன்றாவது கூடை

ஸ்வாய் பிரேய் கிராமத்தில் சவூனுக்குப் பொறாமைக்காரி என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். "ஆமா, பொறாமைதான். எரியுறது என் வயிறு. உங்களுக்கு எங்க சுடுது?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். மற்றப் பெண்கள் அடுத்த வீட்டுக் கறவை மாட்டையும் எதிர்வீட்டுத் தகரக் கூரையையும் பார்த்துப் பொருமினால், சவூன் உதட்டைப் பிதுக்குவாள். அந்த மாதிரிச் சில்லறைப் பொறாமையெல்லாம் அவளுக்குக் கிடையாது. முப்பத்தைந்து வருஷமாக ஒரே ஒருத்தி மேல்தான் அவளுக்குக் காந்தல். அந்த ஒருத்தியின் பெயர் மாலிஸ். தொண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால், தொன்லே சாப் ஆற்றங்கரையில் இருந்தாள். சவூன் அவளைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

"மாலிஸாம் மாலிஸ்! மல்லிகைப் பூவாம்! பேரு வெச்சாங்க பாரு" என்பாள் சவூன். வேறு குறை எதுவும் கைவசம் இல்லாததால் பெயரையே திட்டிக்கொண்டிருந்தாள்.

ஸ்வாய் பிரேய் இருக்கிற தாக்கியோ மாகாணத்து ஊர்களில் அறுவடை முடிந்து, ஜனவரி நிலா வளரத் தொடங்கியதும் எல்லா வீடுகளிலும் ஒரே பேச்சுத்தான். ஆற்றில் மீன் இறங்கப்போகிறது. விரல் நீளத்து வெள்ளிமீன், பௌர்ணமிக்கு முந்தைய ஐந்தாறு நாட்கள் ஏரியிலிருந்து கூட்டங்கூட்டமாக இறங்கும். அதை வாங்கித் தலை நறுக்கி, மிதித்து அலசி, உப்புப் போட்டு, இடித்துப் பானையில் அடைத்தால்தான் வருஷம் முழுக்கத் தொட்டுக்கொள்ளப் புரஹொக் விழுது. புரஹொக் இல்லாத வீட்டில் சோறு இருந்தாலும் சாப்பாடு இல்லை. அதனால் வயல்காரர்கள் அரிசியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். அரிசி கொடுத்து மீன் வாங்குவார்கள். சவூன் வீட்டில் அவள் கணவன் கோசல் போவான். போய் மாலிஸிடம் வாங்குவான்.

வண்டி ஏற்றும் நாளில் சவூனைப் பார்க்க வேண்டும். அரிசியை மூன்று தடவை புடைப்பாள். குருணை ஒன்று தப்பினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். கூடையில் அரிசியை விளிம்போடு நிறுத்தமாட்டாள். பனையோலையை நறுக்கி வளையமாகத் தைத்து, கூடை வாயில் கழுத்துப்பட்டி மாதிரிப் பொருத்தி, அதற்கு மேலும் குவிப்பாள். ஓலை வளையம் இருப்பதால் குவியல் சரியாது. ஒவ்வொரு கூடைக்கும் இரண்டு படி அரிசி கூடுதலாகப் போகும்.

"எதுக்கு இவ்வளவு?" என்பான் கோசல்.

"நம்ம வீட்டு அளவு அப்படித்தான். அவ நம்மள அல்பம்னு சொல்லிடக் கூடாது."

"அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

"அவ சொல்ல மாட்டான்னு உனக்கு எப்படித் தெரியும் தோழரே?"

தோழரே என்று வந்துவிட்டால் கோசல் வாயைத் திறக்கமாட்டான். அவர்கள் கல்யாணத்தில் வந்த சொல் அது.

கல்யாணம் என்றா சொன்னேன்! கறுப்புச் சட்டைக்காரர்கள் ஆண்ட காலம். 1978இல், மழைக்கு முன்னால் ஒரு மத்தியானம், வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு இரண்டு வரிசையாக நிறுத்தினார்கள். இந்தப் பக்கம் முப்பத்திரண்டு பெண்கள், அந்தப் பக்கம் முப்பத்திரண்டு ஆண்கள். ஒருவன் காகிதத்தைப் பார்த்துப் பெயர் படித்தான். தோழர் சவூன், தோழர் கோசல், கையைப் பிடியுங்கள், உற்பத்தியைப் பெருக்குவோம் என்று சொல்லுங்கள். சொன்னார்கள். அவ்வளவுதான். வெற்றிலைத் தட்டும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. சவூன் அந்தக் கையை அதற்கு முன் பார்த்ததில்லை. காய்த்துப்போய், வாய்க்கால் மண் அப்பிக் கிடந்தது.

கோசல் ஆற்றங்கரைக்காரன். எல்லாரையும் ஊரைவிட்டு விரட்டியபோது தாக்கியோவுக்கு வந்து சேர்ந்தவன். விரட்டுவதற்கு ஒரு மாதம் முன்புதான் அவனுக்கும் மாலிஸுக்கும் பாக்கு மாற்றி நிச்சயம் செய்திருந்தார்கள். மாலிஸை வடக்கே எங்கோ கொண்டுபோனார்கள். உயிரோடு இருக்கிறாளா என்றுகூட யாருக்கும் தெரியாது. இதைக் கோசலே கல்யாணமான மூன்றாம் நாள் சவூனிடம் சொல்லிவிட்டான். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று சவூன் பிற்பாடு ஆயிரம் தடவை நினைத்ததுண்டு.

அடுத்த ஜனவரியில் அந்த ஆட்சி விழுந்தது. நாடு முழுக்கச் சாலையில் நடந்தது. எல்லாரும் அவரவர் ஊரைத் தேடி, அவரவர் ஆட்களைத் தேடிப் போனார்கள். முப்பத்திரண்டு ஜோடிகளில் பத்தொன்பது ஜோடி அந்த ஒரு மாதத்தில் கையை விட்டுவிட்டுத் திசைக்கொன்றாகப் பிரிந்தது. சவூன் தன் தாய் வீட்டுக்கு நடந்தாள். கோசலும் கூடவே வந்தான். தூண்கள்மேல் நின்ற அந்த வீட்டு ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

"நீ போகலியா?" என்று கேட்டாள் சவூன்.

"கால் வலிக்குது" என்றான்.

இதுதான் அவன் சொன்ன காதல் வசனம். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை, அடுப்படியில், வயலில், பிள்ளை பெற்ற வலியில்கூடக் கேட்டிருக்கிறாள். "ஏன்யா என்கூட இருந்துட்டே?" ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். "கால் வலிச்சுது." வேறு ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து பிடுங்க முடிந்ததில்லை.

அதோடு போயிருந்தால் சவூன் சும்மா இருந்திருப்பாள். ஆனால் அந்த வருஷக் கடைசியில் பக்கத்து வீட்டு யானின் புருஷன் ஒரு சேதி கொண்டுவந்தான். மாலிஸ் உயிரோடு திரும்பிவிட்டாள். ஆற்றங்கரையில் அப்பன் வலையை மறுபடி கட்டியிருக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை.

கோசல் அதைக் கேட்டுக்கொண்டே கத்தியைத் தீட்டினான். இரண்டு வாரம் கழித்து, மீனுக்கு வண்டி அனுப்ப ஊரில் ஆள் கேட்டபோது முதலில் எழுந்து நின்றவன் அவன்தான். நாட்டில் காசு என்பதே இல்லாத நேரம். பழைய நோட்டையெல்லாம் ஒழித்திருந்தார்கள். அரிசிதான் பணம். இருந்த அரிசியில் ஒரு சின்ன மூட்டையைக் கட்டிக்கொடுத்தாள் சவூன். ஏழு மாத வயிறு அவளுக்கு. புரஹொக் இல்லாமல் ஒரு வாய்ச் சோறு இறங்காது என்று நாளெல்லாம் அழுதுகொண்டிருந்த நேரம். மழைக்காலத்தில் மேல்நோக்கிப் பாய்ந்து, மழை விட்டதும் திரும்பிக் கீழ்நோக்கிப் பாய்கிற ஆறு அது. ஆறே வந்த வழியில் திரும்பிப் போகிற ஊர். அங்கே பிறந்த ஆண்பிள்ளை திரும்பிப் போகமாட்டான் என்று என்ன நிச்சயம்? இதையே நினைத்து நினைத்து அவள் தூங்கவில்லை.

போன வண்டி பௌர்ணமிவரை இருந்து திரும்புவதாகப் பேச்சு. ஆனால் கோசல் வண்டிக்கு இரண்டு நாள் முன்பே, தனியாக, நடந்து வந்து சேர்ந்தான். தோளில் காவடி போட்டு, உப்பிட்ட மீன் இரண்டு கூடை. உள்ளங்கால் இரண்டும் தோலுரிந்திருந்தது. கூடையை இறக்கிவிட்டு ஒன்றுமே பேசாமல் படுத்தான். மறுநாள் சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை.

சவூன் அன்றைக்கே முடிவுக்கு வந்துவிட்டாள். மாலிஸ் அவனைத் துரத்திவிட்டிருக்கிறாள். 'கல்யாணம் ஆனவன் எனக்கு வேண்டாம்' என்று சொல்லியிருப்பாள். அதனால்தான் வண்டிக்குக்கூடக் காத்திருக்காமல் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். ஆக, மல்லிகைப் பூ வேண்டாம் என்று தள்ளிய மிச்சம்தான் என் வீட்டில் கிடக்கிறது. நான் மிச்சத்துக்கு வாழ்க்கைப்பட்டவள்.

இந்த முள் அப்படியே உள்ளே தங்கிவிட்டது. மகள் சோரியா பிறந்தாள், வளர்ந்தாள், தலைநகரில் துணித் தொழிற்சாலைக்குப் போனாள். நாட்டில் பணம் வந்தது. மாட்டுவண்டி போய் டிராக்டர் வண்டி வந்தது. முள் மட்டும் எடுபடவில்லை. எடுபடாததற்குக் காரணமும் உண்டு. வருஷா வருஷம் பத்துக் கூடை மீனுக்கு அரிசி கொண்டுபோகிற கோசல் பதினொரு கூடையோடு திரும்பினான்.

"பதினொண்ணாவது எதுக்கு?"

"சும்மா குடுத்தா."

"ஊர்ல யாருக்காவது சும்மா குடுக்கிறாளா?"

"தெரியாது."

"உனக்கு மட்டும் ஏன் குடுக்கிறா?"

"அவளத்தான் கேக்கணும்."

மாலிஸ் பிற்பாடு ஒருவனைக் கட்டினாள், இரண்டு பிள்ளை பெற்றாள், அவன் செத்தும் போனான். பதினொன்றாவது கூடை மட்டும் நிற்கவில்லை. சவூன் பதிலுக்கு ஓலை வளையத்தைக் கண்டுபிடித்தாள். அடுத்த வருஷம் பதினொன்றாவது கூடைக்கு மேல் ஒரு கட்டுக் கருவாடு வந்தது. சவூன் முதல் பதத்துப் பனைவெல்லம் இரண்டு உருண்டை வைத்து அனுப்பினாள். அங்கிருந்து புகைபோட்ட விரால் வந்தது. இவள் மாவடு ஊறுகாய் அனுப்பினாள். நடுவில் கோசல் பொதிமாடு மாதிரி இதையும் அதையும் சுமந்துகொண்டு போய்வந்தான்.

"நீயே ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்தா என்னக்கா?" என்று யான் கேட்பாள். அவள் வருஷந்தோறும் போகிறவள்.

"அந்தக் கரையில என் கால் படாது" என்பாள் சவூன். அடுத்த நிமிஷம், "ஆமா, இன்னும் ஒல்லியாத்தான் இருக்காளா?" என்பாள்.

"கொடி மாதிரி இருக்கா" என்பாள் யான். வேண்டுமென்றேதான்.

இப்படியே போயிருக்கும். போன டிசம்பரில் கோசல் பனையிலிருந்து விழுந்தான். உச்சியிலிருந்து விழுந்தால்கூட ஒரு கௌரவம் இருந்திருக்கும். கள் இறக்கிவிட்டு, முழு மரமும் இறங்கி வந்து, மரத்தில் கட்டியிருந்த ஏறுமூங்கிலின் இரண்டாவது கணுவில் கால் வைக்கும்போது வழுக்கினான். கணுக்கால் எலும்பு இரண்டாகிவிட்டது. மாவட்ட ஆஸ்பத்திரியில் முழங்கால்வரை மாவுக்கட்டு. மூன்று மாதம் நடக்கக் கூடாது.

"இப்பத்தான்யா உனக்கு நெசமாவே கால் வலிக்குது" என்றாள் சவூன். கோசல் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜனவரி வருகிறதே.

சோரியா தொலைபேசியில் கத்தினாள். "அம்மா, சந்தையில டப்பாவுலயே புரஹொக் விக்குது. எவ்வளவு வேணும்னு சொல்லு, நான் வாங்கி அனுப்பறேன்."

"டப்பாவுல இருக்கிறத நீயே தின்னு."

"அப்ப யான் சித்திகிட்ட அரிசியக் குடுத்து அனுப்பு."

என் அரிசியை இன்னொருத்தி கொண்டுபோய்க் கொடுப்பதா? அதுவும் யானா? அவள் வழியில் கூடைக்கு ஒரு படி எடுத்துவிட்டால், குவியல் தட்டையாகப் போய் நிற்கும். 'பாரு, ஆள் வரலைன்னதும் அளவைக் குறைச்சுட்டா' என்று அங்கே ஒருத்தி சிரிப்பாள். யாருமே போகாவிட்டாலோ இன்னும் மோசம். பயந்துவிட்டாள் என்று நினைப்பாள். சவூன் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் இடுப்பில் சுற்றிக்கட்டும் பட்டுச் சராங்கைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டாள்.

"நீயா போறே?" என்றான் கோசல். அவன் முகம் மாறியதை அவள் பார்த்துவிட்டாள்.

"ஏன், போகக் கூடாதா?"

"போ. ஆனா அவகிட்டச் சண்டை போடாத."

போதாதா? வண்டி ஏறும்வரை அவனோடு பேசவில்லை. தண்ணீர்ச் செம்பை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. கரை நெடுகத் தார்ப்பாய்க் கூடாரங்கள். உப்பு மூட்டைகள். போன வருஷத்து வாடையே இன்னும் மண்ணிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தது. ஆனால் மீன் இல்லை. ஆற்றுக்குக் குறுக்கே வரிசையாகக் கட்டியிருந்த வலைகள் வெறுமனே நீரில் ஆடின. மேலே எங்கெங்கோ அணை கட்டிவிட்டார்கள், ஏரியில் தண்ணீரே ஏறவில்லை, இந்த வருஷம் அவ்வளவுதான் என்று கூடாரத்துக்குக் கூடாரம் பேச்சு. பெரிய லாரிகளில் வந்திருந்த வியாபாரிகள் கட்டுக்கட்டாகப் பணத்தோடு முன்னாலேயே நின்றார்கள். அரிசி கொண்டுவந்தவள் அந்தக் கரையில் சவூன் ஒருத்திதான். யான்கூடப் பணம்தான் கொண்டுவந்திருந்தாள்.

"எங்கே அவ?" என்றாள் சவூன், பட்டுச் சராங்கின் மடிப்பை நீவிக்கொண்டே.

யான் தாடையால் காட்டினாள். மூன்றாவது வலைக்கு நேரே, கவிழ்த்த கூடையில் ஒருத்தி உட்கார்ந்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒரு வியாபாரியைத் திட்டிக்கொண்டிருந்தாள். நல்ல பருமன். தலைமுடி குட்டையாக வெட்டியிருந்தது. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. முன்பல் இரண்டு இல்லை. குரல் மட்டும் ஆற்றின் அக்கரைவரை கேட்டது.

சவூனுக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. "அடிப்பாவி, கொடி மாதிரி இருக்கான்னியே!" என்று யானின் கையைக் கிள்ளினாள். இதற்காகவா முப்பத்தைந்து வருஷம்? கொஞ்சம் அழகாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா? இவளுக்குப் போய் நான் அரிசி புடைத்தேனே! பட்டுச் சராங்கு வேறு! அழகாக இருந்திருந்தால் ஒரு சமாதானமாவது இருந்திருக்கும். இப்போது இவளே என்னைத் தோற்கடித்தவள் என்றால் நான் என்னதான் ஆள்?

யார் என்று சொல்லிக்கொள்ளாமல் மீன் வாங்கிப் போய்விடலாம் என்றுதான் முடிவு செய்தாள். ஆனால் வண்டியின் தார்ப்பாயை விலக்கியதும் மாலிஸின் குரல் பாதித் திட்டில் நின்றுவிட்டது. எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். நல்ல கண்ணை இடுக்கி, கூடையைப் பார்த்தாள். ஓலை வளையத்தை விரலால் தடவினாள்.

"நீதான் அவளா?"

சவூன் தாடையை உயர்த்தினாள். "நான்தான்."

"வா வா. முப்பத்தஞ்சு வருஷமா உன் அரிசியத் தின்னுட்டிருக்கேன், மூஞ்சிய இன்னைக்குத்தான் காட்டுறே. அவன் எங்கே? செத்துட்டானா?"

"உன் வாய்ல மண்ணு விழ. கால் ஒடஞ்சு கெடக்கான்."

"பனையா?"

"பனைதான்."

"சொன்னேன், வயசாச்சு ஏறாதடான்னு." அந்த 'டா'வைக் கேட்டதும் சவூன் சராங்கின் மடிப்பை இன்னொரு தடவை நீவினாள். மாலிஸ் அதைக் கவனிக்கவில்லை. "நீ என்ன வருஷத்துல பொறந்தே?"

"நாய் வருஷம்."

"நான் கோழி. ஒரு வருஷம் மூத்தவ. என்னை அக்கான்னுதான் கூப்பிடணும்."

அதிலும் தோல்வி. சவூன் அக்கா என்று கூப்பிடவில்லை.

இரண்டு நாள் மீன் வரவில்லை. இரண்டு நாளும் மாலிஸ் சோறு போட்டாள். சவூன் தன் அரிசியிலேயே வடித்த சோற்றை விருந்தாளி மாதிரி உட்கார்ந்து தின்றாள். ஓலை வளையங்களில் ஒன்றைப் பிய்த்து அடுப்பில் செருகியபடி, "உன் வீட்டு ஓலை நல்லா எரியும். வருஷா வருஷம் இதுலதான் பத்தவைப்பேன்" என்றாள் மாலிஸ். சவூன் சுவரில்லாத அந்தக் கூடாரத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஆற்றைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் காலையில் மீன் இறங்கியது. கரை முழுக்கக் கூச்சல். மாலிஸின் மகன் வலையைச் சுருட்டித் தூக்க, வெள்ளி கொட்டியது. ஆனால் பழைய வருஷத்து மீன் இல்லை. மொத்தமே இருபத்திரண்டு கூடை. வியாபாரிகள் பணத்தை நீட்டிக்கொண்டு வலைமேட்டில் முட்டினார்கள். ஒருவன் இரண்டு மடங்கு விலை சொன்னான்.

"போடா அந்தப் பக்கம். மொதல்ல அரிசிக்காரி" என்றாள் மாலிஸ். பத்துக் கூடையை ஒவ்வொன்றாகச் சவூன் முன்னால் இறக்க வைத்தாள். பிறகு தானே குனிந்து, முக்கிக்கொண்டு, பதினொன்றாவதையும் இழுத்து வைத்தாள்.

"அது வேண்டாம்" என்றாள் சவூன். "பத்துக்குத்தான் அரிசி கொண்டாந்தேன்."

"இது கணக்குல சேராது."

"அவரு வரல. நான்தான் வந்திருக்கேன். எனக்கு எதுக்கு?"

மாலிஸ் நிமிர்ந்தாள். "ஏண்டி, இத்தனை வருஷமும் இது உன் புருஷனுக்குக் குடுத்ததுன்னா நெனச்சே?"

"வேற யாருக்கு?"

"உனக்குடி!"

சவூனின் வாயில் இத்தனை வருஷமாகக் காத்திருந்தது வெளியே வந்துவிட்டது. சுற்றிலும் ஆள் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. "எனக்கு எதுக்குக் குடுக்கணும்? நீ வேண்டாம்னு வெரட்டுனவனை நான் வெச்சுக் காப்பாத்தறேன்னா? அதுக்குக் கூலியா?"

"நான் வெரட்டினேனா?"

"பின்ன? வண்டிக்குக்கூடக் காத்திருக்காம நடந்தே வந்தானே, மூஞ்சி செத்துப்போய். நீ வேண்டாம்னதாலதானே?"

மாலிஸ் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மகனைப் பார்த்து, வியாபாரிகளைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, மீன் கூடை ஒன்றைத் தண்ணீரோரம் இழுத்துப்போனாள். தலை நறுக்கும் பலகையை எடுத்து ஒரு கத்தியைச் சவூனிடம் நீட்டினாள். "உக்காரு. வேலையைப் பாத்துட்டே கேளு. மீன் கெட்டுப்போகும்."

இரண்டு பேரும் நறுக்கினார்கள்.

"அவன் வந்து நின்னப்ப எங்க வீட்ல என்னைத் தவிர யாரும் மிஞ்சல. ஆத்துல ஒருத்தன் வந்து நிக்கிறான்னு சொன்னாங்க. ஓடிப்போய்ப் பாத்தேன். எனக்காகத்தான் வந்திருக்கான்னு நெனச்சேன். நெனைக்க மாட்டேனா? பாக்கு மாத்தினவன்தானே. இருந்துடுன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன். கையப் புடிச்சுச் சொன்னேன்."

சவூனின் கத்தி நின்றது.

"நறுக்குடி. அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'அங்க ஒருத்தி வயித்துல புள்ளையோட, புரஹொக் இல்லாம சோறு எறங்காம உக்காந்திருக்கா. எனக்கு இன்னைக்கே மீன் வேணும்'னான். வண்டி பௌர்ணமிக்குத்தான் கெளம்பும், இருந்து போடான்னேன். அதுவரைக்கும் அவ தாங்க மாட்டான்னு சொல்லிட்டுக் காவடி கேட்டான். அவன் மூட்டை அரிசிக்கு ஒரு கூடை மீன் போட்டேன். அப்புறம் எனக்கு வயிறு பத்திக்கிச்சு. யாருடி அவ, என்னைவிட? இன்னொரு கூடையையும் எடுத்து மறுபக்கம் தொங்கவிட்டேன். 'இதை அவகிட்டக் குடு. மாலிஸ்கிட்ட எவ்வளவு இருக்குன்னு அவ பாக்கட்டும்'னேன். சொல்லலியா அவன்?"

"சொல்லல."

"சொல்ல மாட்டான். அடுத்த வருஷம் உன் அரிசி வந்துச்சு, குவிச்சு வெச்சு. ஓஹோ, அப்படியான்னு நெனச்சேன். அன்னைலேருந்து உன்மேல எனக்குக் காந்தல். இன்னும் அடங்கல."

"பொய் சொல்றே" என்றாள் சவூன்.

"பொய் சொல்றதா இருந்தா என்னை ஒசத்தியா வெச்சில்ல சொல்லுவேன்? கையப் புடிச்சுக் கெஞ்சினேன், அவன் மீன் கேட்டான்னு எவளாவது பொய் சொல்லுவாளா?"

சவூன் எழுந்தாள். நறுக்கிய மீனைப் பெரிய மூங்கில் கூடையில் கொட்டி, பட்டுச் சராங்கை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, ஆற்றில் இறங்கி மிதிக்க ஆரம்பித்தாள். கொழுப்பு மஞ்சளாக மிதந்து போனது. கண்ணிலிருந்து கொட்டியதைத் துடைக்கக் கையில்லை, இரண்டு கையிலும் மீன் வாடை. மாலிஸும் எதிரே இறங்கி, தோளைப் பிடித்துக்கொண்டு அதே கூடையில் கால் வைத்தாள். இரண்டு பேரின் எடையில் மீன் நன்றாக மிதிபட்டது.

"அப்ப நான் மிச்சம் இல்ல" என்றாள் சவூன்.

"இல்லடி. நான்தான்" என்றாள் மாலிஸ்.

சவூன் அன்றைக்கே கிளம்பியிருக்கலாம். யான் மூன்று தடவை வந்து கூப்பிட்டாள். சவூன் போகவில்லை. உப்பிடுவதும் உலர்த்துவதும் மாலிஸின் வீட்டிலேயே நடந்தது. எட்டாம் நாள் புறப்படும்போது பதினொரு கூடைச் சரக்கையும் ஒரு வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டாள். "அடுத்த வருஷம் மீன் வந்தாலும் வராட்டியும் அரிசி வரும், அக்கா" என்றாள். மாலிஸ் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "குவியல் கொறஞ்சா திருப்பி அனுப்பிடுவேன்" என்றாள்.

வீட்டில் கோசல் மாவுக்கட்டுக் காலை நீட்டி ஏணிக்கடியில் உட்கார்ந்திருந்தான். ஐந்தாம் நாள் வரவேண்டியவள் எட்டாம் நாள் வருகிறாள். யான் முன்னமே வந்து, இரண்டு பேரும் தோளைப் பிடித்துக்கொண்டு மீன் மிதிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மீன் எப்படி?"

"கம்மி."

"மாலிஸ்?"

"நல்லாத்தான் இருக்கா."

"என்ன சொன்னா?"

சவூன் கூடையை இறக்கினாள். ஒரு கூடை, இரண்டு கூடை. கோசல் கழுத்தை நீட்டி எண்ணிக்கொண்டே இருந்தான். பதினொன்றும் இறங்கியது.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"செத்துட்டானான்னு கேட்டா."

"வேற?"

"வேற எங்களுக்குப் பேச எவ்வளவோ இருந்துச்சு."

கோசலின் முகம் சுண்டிப்போனது. அந்த முகத்தைச் சவூன் நன்றாக அறிவாள். முப்பத்தைந்து வருஷமாகக் கண்ணாடியில் பார்த்த முகம். அவளுக்கு உள்ளே குளிர்ந்தது. போய் அவன் பக்கத்தில், ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த அவன் விரல்களில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். அன்றைக்குத் தோலுரிந்து வந்த அதே கால்.

"எல்லாரும் அஞ்சாம் நாளே வந்துட்டாங்க" என்றான் கோசல், கோபமாக. "உனக்கு மட்டும் என்ன? எட்டு நாள் ஏன் அங்கேயே இருந்துட்டே?"

"கால் வலிச்சுது" என்றாள் சவூன்.